நேற்றுப் பிறந்த பூமி

ஒரகடத்தில் நான் நர்ஸாக இருந்த பெண்கள் விடுதியின் வார்டன், சேலைக்குக் கீழே எப்போதும் கான்வாஸ் ஷூ போட்டிருப்பார். காதிலும் கழுத்திலும் பொட்டுத் தங்கம் கிடையாது. அவருடைய சபையில் நகை போடமாட்டார்கள். இடுப்பில் ஒரு பெரிய சாவிக்கொத்து தொங்கும். அதில் எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்பது பாதி அவருக்கே தெரியாது. ஆனாலும் அந்தக் கொத்து குலுங்கும் சத்தம் மாடிப்படியில் கேட்டால், கம்பெனிப் பெண்கள் வாளியையும் குடத்தையும் நகர்த்தி வழிவிடுவார்கள்.

ஷூ எதற்கென்று நான் சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே தெரிந்துவிட்டது. அந்தப் பக்கத்தில் எப்போதும் எங்காவது ஒரு புதுக் கம்பெனிக்கு அஸ்திவாரம் தோண்டிக்கொண்டே இருப்பார்கள். பொக்லைனும் லாரியும் ஓய்ந்திருக்கும் ஞாயிறு மத்தியானத்தில், ஆராதனை முடிந்த கையோடு இவர் குழிக்குள் இறங்கிவிடுவார். வாட்ச்மேன்கள் எல்லாரும் பழக்கம். பையில் கல்லோடு ஏறி வருவார்.

விடுதியின் பார்வையாளர் அறையில், அப்பா அம்மாக்கள் உட்காரும் நாற்காலிகளுக்கு மேலே ஒரு நீளப் பலகை. அதில் அந்தக் கற்கள் வரிசையாக இருக்கும். சாக்பீஸ் நிறத்தில் தட்டையான கற்கள். ஒவ்வொன்றிலும் ஓர் இலை பதிந்திருக்கும். நடுவில் ஈர்க்கு, இரண்டு பக்கமும் சீப்புப் பல் போல வரிசையாகச் சின்னச் சின்ன இலைகள். காய்ந்த காவி நிறம். ஊதினால் பறந்துவிடும் போலிருக்கும்.

"இன்னா பாக்குற நர்ஸம்மா? தொட்டுப் பாரு, கடிக்காது" என்றார்.

"இலை மாதிரி இருக்குக்கா."

"மாதிரி இன்னா மாதிரி? இலையேதான். நோவா காலத்து இலை."

ஜலப்பிரளயத்தில் தண்ணீர் ஏறியது, சேறு வந்தது, காடெல்லாம் மூடியது, இறுகிக் கல்லானது. பூமிக்கு மொத்தமே ஆறாயிரம் வருஷம். இதுதான் அவருடைய கணக்கு. என் அப்பா சாத்தூரில் பள்ளி விஞ்ஞான வாத்தியார். பூமிக்கு நானூற்றைம்பது கோடி வருஷம் என்று சோறு ஊட்டும்போதே சொல்லி வளர்த்தவர். அதைச் சொன்னேன்.

அவருக்குக் கோபமே வரவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "சரி, ஒரு முருங்கைக் கொத்தை வாசல்ல போட்டு வையி. நாளைக்கு வாடும், அப்பால சருகாவும், அதுக்கப்பால தூளு. கோடி வருஷமா மண்ணு மெதுமெதுவா மூடிச்சுன்னா, இது எப்படி நரம்பு நரம்பா நிக்குது? சொல்லு."

நான் அந்த இலை நரம்பை விரலால் தடவிப் பார்த்தேன்.

"யோசிச்சு வையி. அவசரம் இல்ல" என்று எழுந்துபோனார்.

அவசரம் இல்லை என்று அவர் சொல்லி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். மற்ற எல்லாவற்றிலும் அவருக்கு அவசரம். உலகம் நேற்றுத்தான் உண்டானது என்று நம்பும் மனுஷிக்கு, 'ரொம்ப நாள் ஆகும்' என்கிற பேச்சே பிடிக்காது. குழாய் ரிப்பேருக்கு அடுத்த வாரம் வருகிறேன் என்று சொன்னவனை, போனிலேயே பேசிப் பேசி அன்று மாலைக்குள் வரவழைத்துவிடுவார். ஒரே அறையில் இருந்த இரண்டு பெண்கள் ஏதோ ஒரு துண்டுக்காகச் சண்டை போட்டு, மாதக்கணக்கில் முகம் பார்க்காமல் இருந்தார்கள். இருவரையும் சாப்பாட்டு அறையில் எதிரெதிரே உட்கார வைத்தார். "ஆண்டவரு வானத்தையும் பூமியையும் ஆறு நாளுல முடிச்சிட்டாரு. உங்க ரெண்டு பேரு சண்டையை முடிக்க இன்னும் எத்தினி நாளுடி?" என்று கேட்டார். ஒருத்தி சிரித்துவிட்டாள். அதோடு முடிந்தது.

என் கதையும் உண்டு. கல்யாண வாழ்க்கை சரிப்படாமல், ஒரு சூட்கேஸோடு இங்கே வந்தவள் நான். முப்பத்தேழு வயது. ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொள்கிறாயா என்று அவர் கேட்டபோது, "இனிமே எதுக்குக்கா? வயசாயிடுச்சு" என்றேன்.

அவர் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். "உங்கப்பா கணக்குல பாத்தா உன் முப்பத்தேழு வருஷம் ஒண்ணுமே இல்ல, தூசி. என் கணக்குல பாரு. ஆறாயிரத்துல முப்பத்தேழு! நல்ல பங்குடி அது. அதை வச்சிக்கினு வயசாயிடுச்சுன்னு அழுவறியே?"

தர்க்கமா அது, தெரியாது. ஆனால் அடுத்த மாதம் நான் ஸ்கூட்டரில் இருங்காட்டுக்கோட்டை வரைக்கும் போய்வந்தேன்.

அவருக்குச் சொந்த ஊர் பிள்ளைப்பாக்கம். முதல் இலைக்கல் அவர்கள் நிலத்தில் கிணறு வெட்டியபோது வந்ததாம். அந்த நிலம் இப்போது ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியின் வண்டி நிறுத்துமிடம். ஒருநாள் பஸ்ஸில் அதைக் கடக்கும்போது, "கஷ்டமா இல்லையாக்கா?" என்று கேட்டேன். "இன்னா கஷ்டம்? நெலமாவே கெடந்தா மேலாக உழுதுக்கினு இருப்போம். தோண்டுனதாலதான் உள்ள இன்னா கீதுன்னு தெரியுது" என்றார்.

ஆனால் அந்த நம்பிக்கை அவரை எங்கேயோ கொண்டுபோய் விட்டுவிடுமோ என்று எனக்குப் பயம் தட்டிய ஒரு நாளும் உண்டு. ஐப்பசி மழையில் பக்கத்து ஏரி நிரம்பி வழிந்து, விடுதியின் கீழ்த்தளத்துக்குள் தண்ணீர் வந்துவிட்டது. எல்லாரையும் மாடிக்கு ஏற்றினார். ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு இறங்கிப் பார்த்தால் தரை முழுக்கச் சேறு. நனைந்த பெட்டிகளைத் திறந்து வைத்துக்கொண்டு பெண்கள் அழுகிறார்கள். இவரோ மூலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, படிந்த சேற்றைக் காய்கறிக் கத்தியால் கேக் மாதிரி அறுத்து எடுத்துக்கொண்டிருக்கிறார்.

"நர்ஸம்மா, இங்க பாரேன்! அடியில மணலு, மேல களி. ஒரே மழையில அடுக்கு வந்துடுச்சு! கோடி வருஷம் எதுக்கு?"

முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பக்கத்தில் ஒருத்தி தன் கல்யாணத்துக்கு எடுத்த பட்டுச்சேலையைப் பிழிந்துகொண்டிருந்தாள். எனக்கு அவர்மேல் ஆத்திரமாக வந்தது.

அப்போதுதான் துடைப்பத்தோடு நின்ற ஒரு பெண் சொன்னாள்: "ஏக்கா, அது ஒரு அடுக்குதான. குழியில மணல், களி, மணல், களின்னு திரும்பத் திரும்ப வருதுல்லா? அங்க எத்தன மழ பெஞ்சுது?"

முத்துச்செல்வி. கோவில்பட்டிக்காரி. செல்போன் கம்பெனியில் அசெம்பிளி லைனில் நிற்பவள். அதுவரை அவள் சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

வார்டன் கத்தியோடு நிமிர்ந்து அவளையே பார்த்தார். பிறகு சுற்றிலும் பார்த்தார். அந்தப் பட்டுச்சேலையைப் பார்த்தார். கையிலிருந்த சேற்றை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார். "தப்பு, தப்பு. புத்தி எங்கியோ பூடுச்சு" என்று முணுமுணுத்துக்கொண்டே அந்தப் பெண்ணிடமிருந்து சேலையை வாங்கி, நல்ல தண்ணீரில் அலசி, மாடியில் ஒரு முனையை என்னிடம் கொடுத்து இழுத்துப் பிடித்து உலர்த்தினார். அன்று பொழுது சாயும்வரை எல்லாருடைய துணிகளும்தான் வேலை. கடைசிச் சேலையை மடித்து வைத்த பிறகுதான் கேட்டார்: "அந்தத் தொடப்பக்காரப் பொண்ணு எங்க? கூப்புடு அவளை."

முத்துச்செல்வி பயந்துகொண்டே வந்தாள்.

"உனக்கு எப்படித் தெரியும் குழியில இன்னா கீதுன்னு?"

"காலேஜுல ஜியாலஜி படிச்சேங்க்கா. ரெண்டாம் வருசத்துல நின்னுட்டேன்." அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போய்ப் பாதியில் நின்றவள். அம்மாவும் போய்விட்டார். பிறகு கூடப் படித்தவர்கள் முடித்துவிட்டார்கள் என்கிற வெட்கத்தில் திரும்பிப் போகவில்லை. பலகையைக் காட்டி மெதுவாகச் சொன்னாள்: "இந்த இலையெல்லாம் டைனோசர் காலத்துதுக்கா. பத்துக் கோடி வருசத்துக்கு மேல இருக்கும்."

"அப்ப இது ஏன் மக்கிப் போவல? நர்ஸம்மாவ கேட்டேன், ஊமையா பூட்டா."

"சீக்கிரமா மூடுனாத்தான் மக்காது. நீங்க சொல்லுதது சரிதான். ஒரு வெள்ளத்துல ஒரு இலை மூடியிருக்கும். ஆனா ஒரே வெள்ளத்துல எல்லா அடுக்கும் வரலக்கா. ஒண்ணு வந்து, காஞ்சு, ரொம்ப காலங்கழிச்சு இன்னொண்ணு வந்திருக்கு."

வார்டன் வாய்விட்டுச் சிரித்தார். இத்தனை வருஷம் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் தலையாட்டிவிட்டுப் போனவர்கள். எதிர்த்துப் பேச ஒருத்தி கிடைத்துவிட்டாள். அன்றிலிருந்து முதல் ஷிப்ட் பஸ் திரும்பியதும் இரண்டு பேரும் டீயோடு உட்கார்ந்துவிடுவார்கள். வார்டன் தண்ணீர் பாட்டிலில் மணலும் களியும் போட்டுக் குலுக்குவார். அடுக்கு படியும். "பாத்தியா!" என்பார். அவள் இன்னொரு கேள்வி கேட்பாள். சில கேள்விகளுக்கு அவளுக்கே பதில் பாதியில் நின்றுவிடும். "அது மூணாம் வருசப் பாடம்க்கா" என்பாள்.

இப்படி நாலைந்து தடவை நடந்தது. ஒருநாள் வார்டன் டீ டம்ளரை டக்கென்று வைத்தார்.

"இது சரிப்படாது. அரை கத்தியை வச்சிக்கினு எங்கூட சண்டைக்கு வர்ற. போயி மிச்சத்தையும் படிச்சிட்டு வா."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தோம். ஆனால் அவளைக் கூட்டிக்கொண்டு அவள் ஊருக்குப் போக அவர் லீவு எழுதிக் கொடுத்துவிட்டார். நான் அங்கே இருந்த காலத்தில் அவர் எடுத்த முதல் லீவு அது.

கிளம்புவதற்கு முன்பு சபையின் பாஸ்டர் விடுதிக்கு வந்தார். நல்ல மனுஷர், மெதுவாகப் பேசுபவர். நான்தான் டீ கொண்டுபோய் வைத்தேன்.

"சிஸ்டர், தப்பா நினைக்காதீங்க. அந்தப் பொண்ணு படிக்கப்போறது வேதத்துக்கு விரோதமான படிப்பு. ஒரு ஆத்துமா வழி தப்பிப் போறதுக்கு நாமளே கூடப் போயி பஸ் ஏத்தி வுடறதா?"

வார்டன் கொஞ்ச நேரம் சாவிக்கொத்தைத் திருகிக்கொண்டிருந்தார். "பாஸ்டர், நான் நம்புறது உண்மைன்னா, அவ எங்க போயி படிச்சாலும் அது உண்மையாத்தான் இருக்கணும். அவ படிச்சா அது கரைஞ்சு பூடும்னா, இத்தினி நாளா நான் கல்லை வச்சிக்கினு இல்ல, சர்க்கரையை வச்சிக்கினு இருந்திருக்கேன்."

பாஸ்டர் பெருமூச்சு விட்டார். "அப்ப கொஞ்ச நாளைக்கு ஞாயிறு பள்ளிய வேற யாராவது பாத்துக்கட்டும் சிஸ்டர்."

"சரிங்க பாஸ்டர்."

சபைப் பிள்ளைகளுக்கு அந்தக் கற்களைக் காட்டிப் பாடம் சொல்வதுதான் வார்டனுடைய வாரத்தின் பெரிய சந்தோஷம் என்று பாஸ்டருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பாஸ்டர் போன பிறகு, வார்டன் கழுவி வைத்த டம்ளர்களையே எடுத்து மறுபடி கழுவிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். "ஒண்ணுமில்ல, போ" என்றார்.

கோவில்பட்டி போகும் வழியில்தான் சாத்தூர். அதனால் நானும் கூடப் போனேன். பஸ்ஸில் முத்துச்செல்வி கேட்டாள்: "ஏக்கா, நான் படிச்சு வந்து, நீங்க நம்புததெல்லாம் தப்புன்னு நிரூபிச்சிட்டேன்னா? ஒங்களுக்கு பயமா இல்லியா?"

வார்டன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, "கீது" என்றார். "பயமாத்தான் கீது. எனக்குப் பயம்னு நீ படிக்காம இருக்கறதா? அது இன்னா நாயம்?"

அவளுடைய அப்பாவுக்குப் பஸ் நிலையத்தின் பின்னால் சைக்கிள் கடை. கையில் கிரீஸோடு எழுந்து நின்றார். "நீங்க யாரும்மா? கம்பெனியிலருந்து வந்திருக்கீயளா?"

"இல்லீங்கண்ணே. நான் உங்க பொண்ணுக்கு எதிர்க்கட்சி."

விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் தலையை ஆட்டினார். "இனிமே என்னத்தம்மா படிச்சு? வயசாயிட்டு. மாப்பிள்ள பாத்துட்டு இருக்கோம்."

"இன்னா வயசுங்க?"

"இருவத்திரண்டு."

வார்டன் சிரித்த சிரிப்பில் கடைக்கு வந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அண்ணே, உங்க பொண்ணு சொல்றது தப்புன்னு நான் நெனைக்கிறேன். இந்த ஊர்ல அப்படி நெனைக்கிறது நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். ஆனா எங்கூட பேசறதுக்கு அவ ஒருத்திதான் கீறா. அவளைப் பாதியில நிறுத்திட்டா, நான் ஜெயிச்சாலும் அது ஜெயிப்பு இல்லீங்க. அவ மண்ணைப் பத்திப் பேசும்போது அந்த மூஞ்சிய நீங்க ஒரு தடவ பாக்கணும்."

அந்த மனுஷர் மகளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "அவங்கம்மா இருந்தா இதத்தான் சொல்லியிருப்பா" என்றார் கடைசியில். "இருங்க, கலர் வாங்கியாறேன். சாப்பிட்டுத்தான் போகணும்."

மறுநாள் கல்லூரி முதல்வர் அறை வாசலில் மூவரும் காத்திருந்தோம். விதிப்படி அடுத்த ஜூனில் இரண்டாம் வருஷத்திலேயே மறுபடி சேர்ந்துகொள்ளலாம் என்றார் அவர். வெளியே வந்ததும் முத்துச்செல்வி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து விசும்பி விசும்பி அழுதாள். வார்டன் அவள் தலையில் கை வைத்துக் கண்ணை மூடி ஜெபம் பண்ணினார். எந்தப் படிப்பு தன் நம்பிக்கைக்கு விரோதமோ, அந்தப் படிப்பு இவளுக்கு நன்றாக வரவேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டது என் காதில் விழுந்தது.

பிறகு ஞாயிறு மாலைகளில் போனில்தான் சண்டை. அவள் புதிதாகப் படித்ததைச் சொல்வாள்; இவர் ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு மறுப்பார். கதிரியக்கத்தை வைத்துப் பாறையின் வயதைக் கணக்கிடும் முறையை அவள் விளக்கினாள். "ஆரம்பத்துல எவ்ளோ இருந்துச்சுன்னு கூட நின்னு பாத்தியா?" என்று கேட்டார். அதற்கும் அவள் பதில் சொன்னாள். வாரக்கணக்கில் நடந்தது அந்த ஒரு விவாதம். இன்னொருநாள் பாட்டிலில் பல தடவையாக மணலும் களியும் ஊற்றிப் பார்த்துவிட்டு, "குழியில அடுக்குக்கு நடுவுல, காஞ்ச ஏரி மாதிரி வெடிப்பு எப்படி வருதுன்னு எனக்குத் தெரியல கண்ணு. தண்ணிக்குள்ள எப்படிக் காயும்?" என்று அவரே சொன்னார். நம்பிக்கையை விட்டுவிட்டார் என்று அர்த்தமில்லை. தெரியாததைத் தெரியாது என்று போனில் உரக்கச் சொன்னார், அவ்வளவுதான். அதைச் சொல்ல எவ்வளவு பலம் வேண்டும் என்று பக்கத்தில் நின்ற எனக்குத் தெரிந்தது.

ஞாயிறு பள்ளி? சபைப் பிள்ளைகள் கல் பார்க்க விடுதி வாசலுக்கே வந்து நிற்க ஆரம்பித்தார்கள். கொஞ்ச காலத்தில் பாஸ்டரே வந்து, "சிஸ்டர், பிள்ளைங்க கேக்கற கேள்விக்கு எங்களால ஆவல. நீங்களே வந்துடுங்க" என்றார். இவர் ஒரு வார்த்தையும் குத்திக்காட்டவில்லை. பையில் கற்களை எடுத்துக்கொண்டு, ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

முத்துச்செல்வி படிப்பை முடித்து, மேற்படிப்புக்கும் இடம் கிடைத்து, ஒரு தை மாதத்தில் விடுதிக்கு வந்தாள். முதுகில் பை, கையில் ஒரு சின்னச் சுத்தியல். அப்போது எனக்குச் சாத்தூர்ப் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை கிடைத்திருந்தது. அந்த வாரம் நான் கிளம்புவதாக இருந்தேன். மூவருமாகப் புதிதாகத் தோண்டியிருந்த ஒரு குழிக்குப் போனோம். பொங்கல் லீவில் பொக்லைன் ஓரத்தில் நின்றிருந்தது. வெயில் இதமாக இருந்தது. குழிச்சுவரில் வெளுப்பும் மஞ்சளுமாக வரிகள்.

முத்துச்செல்வி சரிவிலிருந்து ஒரு தட்டைக் கல்லை எடுத்தாள். மேலே ஒன்றுமே இல்லை. வெறும் கல். ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு வார்டனிடம் நீட்டினாள். "இதுல பொளக்கும்க்கா. நீங்களே தட்டுங்க."

"ஒடஞ்சு பூட்டா?"

"மெல்ல, வெளிம்புல."

வார்டன் மண்ணில் மண்டியிட்டு உட்கார்ந்து, சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினார். கல் புத்தகம் போலத் திறந்துகொண்டது. உள்ளே ஓர் இலை. இரண்டு பாதியிலும் அதே இலை; ஒன்றில் மேடாக, ஒன்றில் பள்ளமாக. இலைக் காம்பின் பக்கத்திலேயே விரல்நகம் அளவுக்கு ஒரு சிப்பி, வரி வரியாக.

மூவரும் தலை முட்டக் குனிந்தோம்.

"கடல் சிப்பி" என்றாள் முத்துச்செல்வி. "அப்ப கடல் இது வரைக்கும்..."

"கடலும் தரையும் ஒண்ணா! நான் சொல்லல? பிரளய..." என்று தொடங்கிய வார்டன் சட்டென்று அவள் கையைப் பிடித்தார். "இரு, இரு. சண்டை அப்பால. முதல்ல பாத்துக்கலாம். இதை யாருமே பாத்ததில்ல. நாமதான் முதல்ல பாக்கறோம்."

பார்த்தோம். கல்லின் ஈரம் வெயிலில் மெல்ல உலர்ந்துகொண்டிருந்தது. இலையின் நரம்புகள் ஒவ்வொன்றாகத் தெளிந்து வந்தன.

ஒரு பாதியை முத்துச்செல்வி தன் கல்லூரிக்கென்று செய்தித்தாளில் சுற்றினாள். மறுபாதியை வார்டன் முந்தானையில் முடிந்துகொண்டார். மேலே ஏறும்போது சொன்னார்: "நாளன்னிக்கு ஞாயித்துக்கிழமை. சபைக்கு வா. நீ உன் பக்கத்தைச் சொல்லு, நான் என் பக்கத்தைச் சொல்றேன். கல்லை நடுவுல வைப்போம். புள்ளைங்க கேக்கட்டும்."

"பாஸ்டர் ஒண்ணுஞ் சொல்ல மாட்டாராக்கா?"

"அவரும் முன்வரிசையில உக்காந்து கேக்கட்டும்."

சாலைக்கு வருவதற்குள் சிப்பியை வைத்து இருவருக்கும் சண்டை தொடங்கிவிட்டது. கம்பெனி பஸ் ஒன்று பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டு பேருக்கும் கேட்கவில்லை. நான்தான் இருவரையும் ஓரமாக இழுத்து விட்டேன்.